பிரான்ஸை ஆற்று வழியாகப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் ஐரோப்பியச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விமானச் சீட்டு, குளிருக்கு உடை, சைவச் சாப்பாடு என்று பயனுள்ள செய்திகள் நிறைய இருந்தன. ஆனால் ஆற்றுக் கப்பல் பயணத்தை மட்டும் கட்டுரையாளர் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். அது வெள்ளைக்காரப் பெரியவர்கள் ஒயின் குடித்துக்கொண்டே போகும் பயணமாம், நம்மவர்களுக்கு அதில் ஒன்றுமில்லையாம். அந்த வரியை ஏற்க முடியாமல்தான் எழுதுகிறேன். இந்த ஆண்டு வசந்த காலத்தில் நானும் கிள்ளானில் இருக்கும் என் அண்ணியும் பாரிஸில் கப்பல் ஏறி, சேன் ஆற்றின் வழியே ஓன்ஃப்ளூர் என்ற கடலோர ஊர்வரை போய்த் திரும்பினோம். நான் பினாங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அண்ணிக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலிலும் வலி. எங்களுக்கு அந்தப் பயணத்தில் நிறையவே இருந்தது.

பிரான்ஸில் நாம் பார்க்க ஆசைப்படும் பழைய ஊர்களில் பல, ஆற்றங்கரையில் பிறந்தவை. நல்ல சாலைகள் வருவதற்கு முன்னால் கல், உப்பு, கோதுமை, துணி, படை, பாதிரியார் எல்லாம் படகில்தான் வந்து இறங்கின. அதனால் கோட்டையும் தேவாலயமும் சந்தையும் வணிகர் வீடுகளும் ஆற்றைப் பார்த்தபடி நிற்கின்றன. பஸ்ஸில் போனால் நெடுஞ்சாலை வழியே வந்து, ஊரின் முதுகுப் பக்கத்தில், பெட்ரோல் நிலையத்துக்கும் பேரங்காடிக்கும் நடுவில் இறக்கிவிடுவார்கள். பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாலத்தில் வந்தால் குளுகோர் நெரிசலுக்குள் நுழைகிறோம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்தால் கிடங்குகளும் மணிக்கூண்டும் பின்னால் மலையுமாக ஜோர்ஜ் டவுன் முழுசாக எதிரே வருகிறது. நாகப்பட்டினத்தில் படகில் போய் ரஜூலா கப்பலிலும் பிறகு சிதம்பரம் கப்பலிலும் ஏறி வந்த நம் பெரியவர்கள் இந்த ஊரை அப்படித்தான் முதலில் பார்த்தார்கள். பிரான்ஸையும் அப்படிப் பார்க்க ஒரு வழி இருக்கும்போது, நமக்கு அதில் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

கப்பல் ஏறுவதற்கு முன் பாரிஸில் லாச்சப்பல் போனோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஈழத்தமிழர்களின் கடைத்தெரு அது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, இடியாப்ப மாவு எல்லாம் கிடைக்கிறது. அங்கே 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, அண்ணி ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் வாங்கிக்கொண்டார். பிறகு அது கப்பலில் எங்கள் மேசையில் இருந்த எல்லாருக்கும் பயன்பட்டது.

கடல் கப்பலை நினைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். ஆற்றுக் கப்பல் நீளமாக, தாழ்வாக இருக்கும். நூற்றைம்பது பேர் அளவில்தான் பயணிகள். ஆடாது, குமட்டாது. இரண்டு பக்கமும் கரை தெரியும். பாரிஸின் பாலங்கள் தாழ்வானவை என்பதால் மேல்தளத்தின் பந்தலை மடக்கி, கப்பல் ஓட்டுபவரின் அறையையே கீழே இறக்கிவிடுகிறார்கள். அப்போது மேலே யாரையும் விடுவதில்லை. பாரிஸிலிருந்து ரூவான் நகரம் வரை மொத்தம் ஆறு பூட்டணைகள், அதாவது ஆற்றின் மட்டம் மாறும் இடங்களில் கப்பலை ஏற்றி இறக்கும், இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிகள். கப்பல் உள்ளே போனதும் பின்கதவு மூடும், தண்ணீர் வடியும், கப்பல் மெதுவாகத் தாழும், முன்கதவு திறக்கும். தண்ணீரை இறைக்க இயந்திரம் எதுவும் வேண்டாம், மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதை வைத்தே வேலை நடக்கிறது. நள்ளிரவில் ஒரு பூட்டணையில் ஈரச் சுவர் எங்கள் சன்னலை ஒட்டி மேலே மேலே ஏறியதைப் பார்த்து அண்ணி தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

பாரிஸைத் தாண்டியதும் ஓய்ஸ் ஆறு வந்து கலக்கும் இடத்தில் கொன்ஃபிளான் என்ற ஊர். சரக்குப் படகுக்காரர்களின் தலைநகரம் அது. ஓய்வுபெற்ற படகுகள் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன, கூரையில் பூந்தொட்டி, துணி காய்கிறது. ஒரு கான்கிரீட் படகு 1930களிலிருந்து தேவாலயமாக இருக்கிறது. அங்கே வசதி இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள், திபெத்திய அகதிகள் பலர் அங்கேதான் உணவும் உதவியும் பெற்றார்கள் என்று சொன்னார்கள். சுற்றுலா பஸ் எதுவும் இங்கே நிற்காது.

ஜிவெர்னியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஓவியர் மோனே 1883இலிருந்து 1926இல் சாகும்வரை வாழ்ந்த வீடும், அவர் வெட்டிய அல்லிக் குளமும் அங்கே இருக்கின்றன. ஓடைத் தண்ணீரைத் திருப்பிக் குளம் வெட்ட அவர் அனுமதி கேட்டபோது, அந்நியச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்களாம். கூட்டம் அதிகம். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது.

அதற்கு அடுத்து லெ ஆந்தலி. ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கும் இடத்தில், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைமேல் ஷாத்தோ கயார் கோட்டை இடிந்து நிற்கிறது. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் 1196இல் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் கட்டி முடித்தார். பிரெஞ்சு மன்னர் பிலிப் 1204இல் அதைப் பிடித்துவிட்டார். மேலே ஏறும் வழி செங்குத்து. நான் ஏறினேன், அண்ணி மேல்தளத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். இறங்கி வந்து பார்த்தால், கோட்டை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. ரூவானுக்குப் போகும் எந்தப் படகும் அதன் கண்ணில் படாமல் போக முடியாது. அது கீழே தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

சரி, ரூவானுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்த ஊர்தான்.

கடலிலிருந்து ஆற்று வழியே 120 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் ரூவான் ஒரு துறைமுகம். போஸ் என்ற இடத்திலுள்ள கடைசிப் பூட்டணைக்குக் கீழே ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் தெரிகிறது. காலையில் பசியாறும்போது எட்டாத கரைப்படி மத்தியானம் தண்ணீருக்குள் இருந்தது. கடல்கப்பல்கள் இங்கே வந்து பிரெஞ்சுக் கோதுமையை ஏற்றிப் போகின்றன. கரையோரத் தானியக் கிடங்குகள் அடுக்குமாடி உயரம். அவற்றைத் தாண்டி உள்ளே நடந்தால் மரச்சட்டம் போட்ட சாய்ந்த வீடுகள், ஒரே ஒரு முள் உள்ள பெரிய கடிகாரம், 151 மீட்டர் உயரக் கோபுரத்தோடு தேவாலயம். மோனே முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் வரைந்த தேவாலயம் இது. 2024 ஜூலையில் பராமரிப்பு வேலை நடக்கும்போது கோபுரத்தில் தீப்பிடித்து, சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். பிரெஞ்சுப் படையை நடத்திய ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431 மே 30 அன்று எரித்த பழைய சந்தைத் திடலில் இப்போது 1979இல் கட்டிய புதிய தேவாலயம் இருக்கிறது. அதன் வண்ணக் கண்ணாடிகள் மட்டும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. போர் வரப்போகிறது என்று பழைய தேவாலயத்திலிருந்து அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1944 குண்டுவீச்சில் அந்தத் தேவாலயம் அழிந்தது, கண்ணாடி பிழைத்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணை எரித்த இடத்தில் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

வழிகாட்டி எங்களுக்கு ஜோனையும் மோனேயையும் சொன்னார். பினாங்கை அவர் எப்படிச் சொல்வார்? அதை நான் சொல்கிறேன். நான் படித்தது லைட் ஸ்திரீட் கான்வென்ட், கடலைப் பார்த்த பள்ளி. 1852இல் அதைத் தொடங்கிய குழந்தை இயேசு சபைக் கன்னியரின் வேர் இந்த ரூவானில் இருக்கிறது. நிக்கோலா பாரே என்ற துறவி 1662இல் ரூவான் பக்கத்தில் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அதிலிருந்து 1666இல் பிறந்த சபைதான் இது. அந்தச் சபையின் மதர் மத்தில்ட் 1852இல் பினாங்குக்கு வந்து, 1854இல் சிங்கப்பூருக்கும் 1872இல் ஜப்பானுக்கும் போனார். அவர் பினாங்குக்குக் கிளம்பியபோது சூயஸ் கால்வாய் வெட்டவே இல்லை. அதே 1852இல்தான் லசால் சகோதரர்கள் என்ற கத்தோலிக்க ஆசிரியர் சபையினர் பினாங்கின் செயின்ட் சேவியர் பள்ளியைப் பொறுப்பேற்றார்கள். என் அண்ணன்மார் படித்த பள்ளி. அவர்கள் சபையை நிறுவிய தெ லா சால், கடைசிக் காலத்தை ரூவானில் கழித்து 1719இல் அங்கேயே இறந்தார். நிக்கோலா பாரே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று 1950இல் திருத்தந்தை அறிவித்தது அந்த தெ லா சாலைத்தான்.

நான் சைவ வீட்டுப் பெண், இன்றும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் என் பாட்டி கைநாட்டு, என் அம்மா மூன்றாம் வகுப்பு, நான் முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள். பினாங்கில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இதே கதை இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு முனை ரூவானின் ஈரமான கல்தெருவில் இருக்கிறது என்று தெரிந்தபோது, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே அழுதேன். நமக்கு அதில் ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

ரூவானுக்குக் கீழே ஆறு மேலும் அகலமாகிறது. இங்கே கடல்வரை பெரிய பாலங்கள் மூன்றுதான்: 1959இல் தங்கார்வில், 1977இல் புரோத்தோன், 1995இல் நார்மண்டி. மற்ற இடங்களில் ஆற்றைக் கடக்க ஃபெரி. கார் ஏற்றலாம், கட்டணமே இல்லை! எங்கள் கப்பல் ஒதுங்கி அந்தச் சின்ன ஃபெரிகளுக்கு வழிவிட்டதைப் பார்த்தபோது, கார்களை ஏற்றிப்போன நம்முடைய பழைய இரண்டடுக்கு ஃபெரிகள் ஞாபகத்துக்கு வந்தன. ஜூமியேஜ் என்ற இடத்தில் வெள்ளைக் கல் மடாலயம் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. 1067இல் திறந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்று, வாங்கியவர்கள் கல்லுக்காக உடைத்திருக்கிறார்கள்.

அப்புறம் வில்கியே. எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் மகள் லியோபோல்தின் கல்யாணமான சில மாதங்களிலேயே, 1843 செப்டம்பரில், படகு கவிழ்ந்து கணவரோடு இங்கே மூழ்கிப் போனார். வெளியூரில் இருந்த அப்பாவுக்கு அந்தச் செய்தி ஒரு பத்திரிகையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஓன்ஃப்ளூர் சின்ன ஊர். துறையைச் சுற்றி ஒடுங்கி உயர்ந்த வீடுகள், கற்பலகை பதித்த முகப்புகள். 1608இல் ஷாம்ப்ளேன் இங்கிருந்து கிளம்பித்தான் கனடாவில் கியூபெக் நகரை நிறுவினார். 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர் முடிந்த பிறகு, கப்பல் தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைக் கொண்டு மரத்தாலேயே ஒரு தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்த கப்பலின் வயிறு. ஊருக்கு மேலே தெரியும் நார்மண்டி பாலம் நம் பினாங்குப் பாலத்தைப் போலவே கம்பிவடத்தில் தொங்குவது. மொத்த நீளத்தில் நம்முடையதுதான் பெரிது, 13.5 கிலோமீட்டர். ஆனால் நடுவில் இரண்டு கோபுரங்களுக்கு இடையே உள்ள தூரம் அதில் 856 மீட்டர், நம்முடையதில் 225.

அங்கே கழிமுகத்தில் நின்றபோது சிதம்பரம் கப்பலைப் பற்றி அண்ணிக்குச் சொன்னேன். அவர் அதில் பிறந்த வீட்டாரோடு வந்தவர். அது இந்தியாவில் கட்டிய கப்பல் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பிரான்ஸின் டன்கெர்க்கில் கட்டி 1966இல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. அப்போது அதன் பெயர் பாஸ்தர். 1972இல் இந்தியா வாங்கி சிதம்பரம் என்று பெயரிட்டது. 1985இல் நடந்த தீ விபத்தோடு அதன் ஓட்டம் முடிந்தது. அண்ணி முதல்முதலாகக் கால்வைத்த பிரெஞ்சுத் தளம் நாகப்பட்டினத்துக் கடலில் இருந்திருக்கிறது.

இனி போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பெட்டியை ஒரு முறை பிரித்தால் போதும், தினம் ஓட்டல் மாற வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. கப்பல் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கட்டும், களைத்தால் நடந்து திரும்பிப் படுத்துவிடலாம். ஆனால் கல்தெருக்கள் மேடுபள்ளம், கைத்தடி அவசியம். ஒரு கப்பலைத் தாண்டி இன்னொரு கப்பலின் வழியாகக் கரையேற வேண்டிய நாட்களும் உண்டு. மின்தூக்கி எந்தத் தளம்வரை போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை பஸ் பயணத்தைவிடக் கூடுதல்தான், மறைக்கவில்லை. அடித்தள அறை எடுத்தால் கணிசமாகக் குறையும். சன்னல் சின்னது, தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும், அவ்வளவுதான். பகலில் யார் அறையில் இருக்கிறார்கள்? வசந்தத் தொடக்கத்திலும் இலையுதிர்காலக் கடைசியிலும் விலை இறங்கும். ஆனால் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் முடிய ஜிவெர்னித் தோட்டம் மூடியிருக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள்வரை விசா வேண்டியதில்லை. தனியாகப் போகும் விதவைகளிடம் ஓர் அறைக்கு இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள், அதனால் அண்ணியோ தங்கையோ தோழியோ சேர்ந்து போவது நல்லது.

சைவச் சாப்பாட்டை முன்பதிவின்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர் வாயால் சரி சரி என்றார், கப்பலில் யாருக்கும் செய்தி போகவில்லை. முதல் இரவு அண்ணியிடம் மீன் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். ஆனால் சமையல்காரர் நல்ல மனிதர். மறுநாளிலிருந்து கத்தரிக்காய், தக்காளி, பருப்பு என்று தனியாகச் செய்தார், ஆப்பிள் பணியாரத்தை முட்டையில்லாமலும் செய்து பார்த்தார். ஊறுகாயை அவருக்கும் கொடுத்தோம்.

ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு, கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். வெள்ளம் வந்தால் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே கப்பல் நுழையாது. 2016 ஜூனிலும் 2018 ஜனவரியிலும் சேன் அப்படிப் பெருகியது. அந்த நிலையில் பணம் திரும்புமா, பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களா என்று பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

அந்த சேன் ஆற்றில் குளிக்க பாரிஸ் நகரம் 1923இல் தடை போட்டது. 2025 ஜூலையில் நகருக்குள் மூன்று இடங்களில் மக்களைக் குளிக்க விட்டார்கள். அண்ணி நம்பவே இல்லை. நம் சுங்கை பினாங்கு ஆற்றைத் தினமும் பாலத்திலிருந்து பார்க்கிற எனக்கு அதைக் கேட்டு வயிறு எரிந்தது. நம் மாநிலத்தாரும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, பயணப் பக்கத்தில் ஆற்றுப் பயணத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ரோன் ஆற்றில் லியோன், அவிஞோன், ஆர்ல் வழியாகப் போய் வந்த வாசகர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள், அடுத்து அங்கே போக எனக்கும் அண்ணிக்கும் ஆசை. இரண்டு, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் காசிக்கும் ஐரோப்பாவுக்கும் குழு சேர்க்கும் நம் பயண முகவர்கள் இதைப் படித்தால், இருபது பேர் கொண்ட ஒரு தமிழ்க் குழுவைச் சேர்க்க முயற்சி செய்யட்டும். ஒரே ஆறு போதும். கூடவே தமிழில் விளக்க ஒருவரும், சைவச் சமையலுக்கு எழுத்தில் உறுதியும். அந்தக் குழுவுக்கு ரூவானில் நிக்கோலா பாரேயைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், சம்பளம் இல்லாமல் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.